சிங்களம் தெரியாத அப்பா

தம்பி,

நீ போனில் கத்திவிட்டு வைத்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. உன் அம்மா தினமும் உன்னோடு பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே வந்ததும் "சரி, சாப்பிட்டியா, வச்சிர்றேன்" என்று சட்டென்று முடித்துக்கொள்கிறாள். அவளுக்கு நடிக்க வராது. இந்த வீட்டில் நடிப்பில் கெட்டிக்காரன் நான் ஒருவன்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் நிறுத்திவிடுவேன். ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி ஆரம்பிக்க எனக்கு இன்னொரு நாற்பது வருடம் பிடிக்கும். அதனால் நீ விட்டுப்போன பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் மீதமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து பனி விலகவே இல்லை. எதிர் லயத்து வீடுகளின் கூரை கொஞ்ச நேரம் தெரிகிறது, பிறகு இல்லாமல் போகிறது.

நீ அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. "நீங்க பேசாம இருக்கிறதுதான் பதில்னா அதையாவது வாயத் தொறந்து சொல்லுங்க. அவ சிங்களத்தி, அதானே ஒங்களுக்கு? கலியாணத்துக்கு வர்றதா இருந்தா மனசோட வாங்க, இல்லாட்டி வராதீங்க." பிறகு போனை வைத்துவிட்டாய். வழக்கமாக வைக்கும் முன் 'சரிப்பா' என்பாய். அன்று அந்தச் சொல் இல்லை. என் ஒரே பிள்ளையின் கல்யாணத்துக்கு நான் வேண்டாதவனாகப் போய்விடுவேனோ என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தமாலி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் உன்னைவிட அவளைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீட்டுக்கு முதல்முதலாக வந்த அன்று, உன் அம்மா கை கொண்ட மட்டும் மிளகாய் போட்டு இடித்த சம்பலை ரொட்டியோடு தின்றுவிட்டு, கண்ணில் நீர் ஒழுக ஒழுக, "நல்லா இருக்கு மாமி" என்றாளே, அப்போதே எனக்கு மனசு இளகிவிட்டது. நீயெல்லாம் அந்தச் சம்பலுக்கு எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய்! அவள் உன்னிடம் கற்றுக்கொண்ட தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். அப்படித்தான் அந்தக் கேள்வியையும் கேட்டாள். "எங்க வீட்டில கலியாணத்துக்கு அப்பாட தங்கச்சிமார் எல்லாம் வருவாங்க, மாமா. ஒங்களுக்கு அக்கா, தங்கச்சி யாருமே இல்லையா?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். பொழுது சாயும்வரை தேயிலைக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய போதும் நான் வரவில்லை. அது அவளுக்குப் பட்ட அவமானம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது அவளைச் சமாதானப்படுத்த நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். "நீ ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அவருக்கு நம் ஆட்களைத் தவிர யாரையும் பிடிக்காது, போகப் போகச் சரியாகிவிடும்" என்றாய். நீ சொன்னது சிங்களத்தில். நான் நாலு தேயிலை நிரை தள்ளி, பனிக்குள் நின்றிருந்தேன். ஒரு சொல் விடாமல் விளங்கியது.

தம்பி, எனக்குச் சிங்களம் தெரியும்.

அரைகுறையாகக் கடையில் உப்பும் பருப்பும் வாங்குகிற சிங்களம் இல்லை. உன்னைவிட நன்றாகத் தெரியும். நீ கொழும்பில் கற்றுக்கொண்டது புத்தகச் சிங்களம். நான் பேசியது மலையடிவாரக் கிராமத்துச் சிங்களம். உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அரசாங்கக் கச்சேரியிலும் தபால் கந்தோரிலும் ஊமை மாதிரி நின்றிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப் போயிருக்கிறேன், நீ வளர்ந்த பிறகு உன்னைக் கூட்டிப் போனேன். அத்தனையும் வேஷம். போன மாசி மாதம் கொத்மலைக்குப் பெண் வீட்டுக்குப் போனபோதும் அதே வேஷம்தான். நீ நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்த்தாயே, உன்னை மாதிரி ஒரு புளுகனை நான் பார்த்ததில்லை. உன் அம்மா, "எங்க மகன் முன்கோபக்காரன், அதையும் சொல்லிரு" என்றாள். நீ அதை, "பலகாரம் ரொம்ப ருசி என்கிறார்" என்று மாற்றினாய். சந்தமாலியின் அப்பா என்னைப் பார்த்துவிட்டு மகளிடம், "இந்த மனிதர் நாக்கை விழுங்கிவிட்ட ஆள் மாதிரி இருக்கிறாரே" என்றார். நீ என்னிடம், "பயணத்துல களைச்சுப் போயிட்டீங்க போலன்னு சொல்றாருப்பா" என்றாய். சிரிப்பை அடக்க எனக்கு எவ்வளவு பாடு தெரியுமா! ஆனால் அவர் சொன்னது சரி. அவர் ஒருவர்தான் என்னைச் சரியாகப் பார்த்தார்.

அன்று மத்தியானம் அவர் நம்மை நீர்த்தேக்கத்தின் கரைக்குக் கூட்டிப் போனதை நினைத்துப் பார். தண்ணீர் இறங்கிக் கிடந்தது. சேறு வெடித்த கரையில் நின்று அவர் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அதோ அங்கே எங்கள் வீடு, அதற்குப் பின்னால் களம், அந்த மேட்டில் விகாரை, இன்னும் கொஞ்சம் நீர் வற்றினால் அதன் தலை தெரியும், இந்த வளைவில் என் நாய் படுத்திருக்கும். அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊரை அவர் நேற்றுத்தான் விட்டு வந்தவர் போலச் சொன்னார். தண்ணீருக்கு அடியில் அடுப்பு எரிகிற மாதிரியும், யாரோ நெல் காயவைக்கிற மாதிரியும் எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. பேசப் பேச அவர் முகம் தெளிந்துகொண்டே போனது. எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. இழந்ததைக் கை நீட்டிக் காட்ட அவருக்கு முடிகிறது. பிறகு என்னிடம் திரும்பி, உங்கள் சொந்த ஊர் எது என்று கேட்டார். நீ மொழிபெயர்க்கும்வரை காத்திருந்து, "ஹட்டன்" என்றேன். அது பொய். நான் பிறந்தது இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அங்கிருந்து மேலே ஏறி நின்றால் அந்த நீர்த்தேக்கமே தெரியும். போகும் வழியில் அம்மா அனுமார் கோயிலில் கும்பிட இறங்கியபோது நான் வேனை விட்டு இறங்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே, தலைச்சுற்று என்றேனே, அதுவும் பொய்தான். என் தோட்டம் எதிர்ச் சரிவில் இருந்தது.

அங்கே எனக்கு ஒரு தங்கை இருந்தாள். சரோஜா. நாங்கள் சரோசா என்போம். உனக்கு அத்தை. அவளுக்குப் பதினாலு வயது, எனக்குப் பதினெட்டு. மெலிந்த உடம்பு, பெரிய குரல். மேல் லயத்திலிருந்து அவள் கூப்பிட்டால் ஆற்றோரம் நிற்கும் எனக்குக் கேட்கும். நான் அந்த வயதில் பெரிய ஆள் என்று எனக்கே ஒரு நினைப்பு. பின்னேரங்களில் கீழே சிங்களக் கிராமத்துக்குப் போய் அங்குள்ள பையன்களோடு வொலிபோல் ஆடுவேன். சோமபால என்று ஒருவன் எனக்கு உயிர்ச் சிநேகிதன். ஆறு வருடம் அவனோடு பேசிப் பேசித்தான் அந்த மொழி என் வாயில் ஏறியது. சரோசாவுக்குச் சிங்களம் வராது, அதனால் அவளுக்கு என் மேல் ஒரே பெருமை. "எங்க அண்ணே பேசினா சிங்களவங்களே அசந்து போவாங்க" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிவாள்.

எண்பத்து மூன்றில், தமிழரைத் தேடி அடித்த கலவரம் வந்த அந்த ஆடி மாதம் நாங்கள் ஐந்தாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். வளர்ந்த தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்குகிற வேலை என்று உனக்குத் தெரியும். வெட்டிப்போட்ட கிளைகளை, மிலாறு என்பார்களே, அதைப் பெண்பிள்ளைகள் அடுப்புக்குப் பொறுக்கி வந்து குவித்துக் கட்டுவார்கள். டவுன் பக்கம் கடைகள் எரிவதாகக் காலையிலேயே பேச்சு வந்தது. பத்து மணிக்குப் புகை தெரிந்தது, பனியோடு கலந்து, எது புகை எது பனி என்று பிரிக்க முடியாமல். லயத்து ஆட்கள் சட்டி பானையைப் போட்டது போட்டபடி மேலே காட்டுக்கு ஏறத் தொடங்கினார்கள். என்னோடு வெட்டிக்கொண்டிருந்தவர்களும் போய்விட்டார்கள். சரோசா மிலாறு பொறுக்க வந்தவள், என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, எல்லாரும் போறாங்க. அம்மா ஒன்னையக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லிச்சு."

"நீ போ. எனக்கு இன்னும் ரெண்டு நிரை இருக்கு."

"அவங்க வந்தா என்னாண்ணே பண்ணுவ?"

"யாரு வந்தா என்னா? எனக்குத்தான் பாஷை தெரியுமே. நான் பேசி அனுப்பிர்றேன். நீ பயந்தா அந்த மிலாத்துக் குவியலுக்குள்ள போயி ஒளிஞ்சுக்க. நான் பேசி முடிச்சதும் வா."

தம்பி, இந்தக் கடைசி வார்த்தைகளை நான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. காட்டுக்கு ஓடுவது கோழைத்தனம் என்று நினைத்தேன். மொழி தெரிந்தவனை யாரும் தொடமாட்டார்கள் என்று மனதார நம்பினேன். அந்தத் தோட்டத்தில் அப்படி நம்பக்கூடிய முட்டாள் நான் ஒருவன்தான் இருந்தேன்.

அவர்கள் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். முதலில் குரல், பிறகு கால்கள், அதற்கப்புறம்தான் முகங்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். கையில் இரும்புக் கம்பிகளும் மண்ணெண்ணெய்க் கேனும் இருந்தன. ஒருவரையும் எனக்குத் தெரியாது, லொறியில் எங்கிருந்தோ வந்தவர்கள். நான் சாரத்தை மடித்துக் கட்டி, கையில் கவ்வாத்துக் கத்தியோடு மொட்டை மலையில் தனியாக நின்றிருந்தேன். முன்னால் வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மல்லி, இந்தப் பக்கம் யாராவது ஓடினார்களா?" என்று கேட்டான். மல்லி என்றால் தம்பி. கத்தியைப் பார்த்து என்னையும் அவர்களோடு வந்தவன், வேறு லொறியில் வந்தவன் என்று நினைத்துவிட்டான். நான் சொல்லித் திருத்தவில்லை. "யாருமில்லை அண்ணா, நேற்றே எல்லோரும் போய்விட்டார்கள், லயம் காலி" என்றேன். என் சிங்களம் அன்றைக்கு வந்த மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. ஒரு தடங்கல் இல்லை. அவன் ஒரு சிகரெட்டை நீட்டினான். வாங்கினேன். பற்ற வைத்துக் கொடுத்தான். இருமினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் பேசி முடித்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். வேறு என்ன நினைப்பாள்? நான்தானே சொல்லி வைத்திருந்தேன். எனக்குப் பின்னால் மிலாறு சரசரத்தது. தலைமுடியெல்லாம் காய்ந்த இலையோடு எழுந்து நின்று, "அண்ணே" என்றாள். அவ்வளவு பெரிய குரல்காரி, அன்று மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

நான் திரும்பவில்லை.

சிகரெட் கொடுத்தவன் என் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "யார் இது?" என்று கேட்டான். "தன்னெ நே" என்றேன். சரோசாவுக்குச் சிங்களம் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? ஆனால் 'தெரியாது' என்கிற அந்த இரண்டு சொல் மலையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் ஓடத் தொடங்கினாள். மேலே காட்டுப் பக்கம் ஓடியிருக்கலாம். அந்தப் பக்கம் போக என்னைத் தாண்ட வேண்டும். அதனால் கீழே ஓடினாள். இரண்டு பேர் கொஞ்ச தூரம் துரத்தினார்கள், பனியில் கண் தெரியாமல் நின்றுவிட்டார்கள். கீழே ரோட்டுக்கு மேல் உயரமான கருங்கல் கட்டு ஒன்று இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், பிறந்ததிலிருந்து பார்த்த இடம். ஆனால் அவள் வழி பார்த்து ஓடவில்லை. அவள் விழுந்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. பிறகு, "போவோம், மல்லி" என்று ஒருவன் என் தோளில் தட்டிவிட்டு நடந்தான். இன்றைக்கும் அந்தத் தட்டு என் தோளில் இருக்கிறது. யாரும் அவளைத் தள்ளவில்லை, தம்பி. அவள் அவர்களைக் கண்டு மட்டும் ஓடவில்லை, என்னையும் கண்டுதான் ஓடினாள்.

அவள் உடலைத் தூக்கி வந்தது சோமபால. கிராமத்தில் ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் கிடத்தி, அவனும் அவன் அண்ணனும் மலை ஏறி வந்தார்கள். அப்படி எங்களுக்காக ஏறி வருவது அன்றைக்கு அவர்களுக்கே ஆபத்து. அவன் அழுதுகொண்டே என்னிடம், "வந்தவர்கள் எங்கள் ஊர் ஆட்கள் இல்லை மச்சான், நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்து, தமிழில், "எனக்குச் சிங்களம் தெரியாது" என்றேன். ஆறு வருடம் என்னோடு பேசிய ஒருவனிடம். அவன் கை கூப்பிவிட்டுக் கதவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். தன் மேல்தான் எனக்கு வெறுப்பு என்று நினைத்திருப்பான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் செத்துப் பல வருடம் ஆகிறது என்று கேள்விப்பட்டேன். அவனிடம் நான் செய்தது இரண்டாவது துரோகம்.

என் அம்மா, உன் அப்பாயி, என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. "புள்ள ஒங்கூடத்தானே நின்னுச்சு?" "இல்லம்மா, அது அப்பவே போயிருச்சு" என்றேன். அம்மா அதை நம்பியதா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் பலர் வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் போய்விட்டார்கள். நாங்கள் ஹட்டன் பக்கம் வந்தோம். புது இடத்தில் யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத ஊரில் சொல்லாமல் இருப்பது சுலபம். முதலில் அவள் பெயரைச் சொல்லாமல் இருந்தோம், பிறகு அவளைப் பற்றிச் சொல்லாமல் இருந்தோம், கடைசியில் அப்படி ஒருத்தி இருக்கவே இல்லை என்கிற மாதிரி வீடு பழகிவிட்டது. பகல் நேரம் கண்ணயர்ந்தால் மட்டும் அந்த மலை வரும். ஐந்தாம் நம்பர் முழுக்க மிலாற்றுக் குவியல்கள், எண்ண முடியாத அளவு. ஒவ்வொன்றாக அசையும். எதிலிருந்து எழுந்திருப்பாள் என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருப்பேன்.

இந்த ஊமை வேஷத்துக்கு நீயும் பலியாகியிருக்கிறாய். உனக்கு நாலு வயதில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோனா சிங்களத்தில், என்ன மருந்து கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தமிழ் தெரிந்த ஒரு ஆளைத் தேடி வராந்தாவில் ஓடினேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் இன்று இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இரண்டாம் வகுப்பில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து புதிதாக ஒன்று கற்றுக்கொண்டு வந்து, அம்மா எதைக் கேட்டாலும் "தன்னெ நே, தன்னெ நே" என்று ஆடிக்கொண்டிருந்தாய். நான் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தேன். என் வாழ்நாளில் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். ஏன் என்று உனக்கு விளங்கவில்லை, நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த அறைக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி. வயது முப்பதை நெருங்குகிற பிள்ளையிடம் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி ஒரு காரணம். இன்னொன்று நம் வீட்டு வழக்கம். கல்யாணம் ஆகாமல் ஒரு பெண்பிள்ளை இறந்திருந்தால், அந்த வீட்டில் அடுத்து நடக்கிற எந்தக் கல்யாணத்துக்கும் முன்னால் அவளுக்குப் படையல் போட வேண்டும். கன்னிக்குப் படைப்பது என்போம். புதுப் பாவாடை, வளையல், ரிப்பன், கண்ணாடி, சீப்பு, அவளுக்குப் பிடித்த பலகாரம், எல்லாம் வாழை இலையில் வைத்து, கூடப் பிறந்தவன் அவள் பெயரைச் சொல்லி மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். வா, வந்து உடுத்திக்கோ, சாப்பிடு, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நீதான் முதல் ஆள் என்று. என் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மா எல்லாம் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். சந்தமாலி கேட்டபோது போன அதே மாதிரி. நான் வரும்வரை அம்மா இலையின் முன்னால் உட்கார்ந்திருந்ததாம். நான் வரவில்லை. பிறகு பாவாடையை மடித்துவிட்டதாம்.

இது எனக்கே போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அன்றுதான் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பங்கரையில், பட்டப்பகலில். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "அந்தப் புள்ள பேரு என்னாங்க?" என்றாள். சொன்னேன். அப்புறம் அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "முப்பது வருசமா எங்கிட்டச் சொல்லாம ஒனக்கு எப்பிடிய்யா சோறு எறங்குச்சு?" என்று ஒருமையில் போட்டு வாங்கினாள். அழுதாள். பிறகு பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு பாவாடையை எடுத்து வந்தாள். நீலம், மஞ்சள் கரை. "கலியாணமான மறுநாளு ஒங்கம்மா, எலைக்கு முன்னால ஒங்களுக்காகக் காத்திருந்ததச் சொல்லிட்டு, யாருக்குன்னு மட்டும் சொல்லாம இதை எங்கிட்டக் குடுத்து, பத்திரமா வச்சிரு, கேட்டா குடுன்னு சொன்னாங்க. நீங்க கேக்கவே இல்ல. நானும் ஏன்னு கேக்கல" என்றாள். எங்கள் வீட்டில் எல்லோரும் எவ்வளவு நன்றாகப் பேசாமல் இருந்திருக்கிறோம் பார். அவள்தான், "மொதல்ல புள்ளைக்கு எழுதுங்க" என்று இந்தக் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ வேறு மொழி பேசுகிற பெண்ணைக் கட்டுகிறாய் என்று எனக்குப் பயமே இல்லை. மொழி தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டவன் நான், அதனால்தான் உனக்கு ஒன்று சொல்கிறேன். அவள் எதைக் கேட்டாலும் பதில் சொல். கெட்டதாக இருந்தாலும், உன்னைக் கேவலமாகக் காட்டினாலும் சொல். எழுந்து வெளியே போகாதே. அது நம் வீட்டு வியாதி, என்னோடு நிற்கட்டும். இந்தக் கடிதத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டு. உன் வழக்கப்படி பூசி மெழுகாமல், உள்ளதை உள்ளபடி மொழிபெயர். வாசித்த பிறகு இப்படிப்பட்ட ஒரு ஆள் மணவறைப் பக்கம் நிற்கக் கூடாது என்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றினால், அதையும் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவள் அப்பாவிடம் மட்டும் நீ எதுவும் சொல்ல வேண்டாம். அவர் சம்மதித்தால் ஒரு நாள் அந்தக் கரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சரிவைக் கை நீட்டிக் காட்டி, அவர் மொழியிலேயே நானே சொல்கிறேன். வாய் குழறும், நாற்பது வருடத் துரு. ஆனாலும் சொல்லிவிடுவேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் படையல் போடப் போகிறோம். வீட்டில் இல்லை, ஐந்தாம் நம்பர் மலையில், அந்தக் கருங்கல் கட்டுப் பக்கம். உன் அம்மா பலகாரத்துக்கு மா இடித்து வைத்துவிட்டாள். சரோசாவுக்குச் சீனி போட்ட அரிசி மா உருண்டை என்றால் உயிர், அதைக்கூட இப்போதுதான் சொன்னேன். நேற்று தேயிலைக்குள் தனியாக நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். பெயரின் முதல் எழுத்துக்கு மேல் குரல் வரவில்லை. அங்கே போயும் வராது என்றுதான் பயமாக இருக்கிறது. நீ வா, தம்பி. இறம்பொடைச் சந்தியில் இறங்கினால் நான் வந்து கூட்டிப் போகிறேன். என் பக்கத்தில் நில். எனக்குக் குரல் எழும்பாவிட்டால் நீ கூப்பிடு, அத்தை என்று. அவளை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்பா